வழுவும் வழுவமைதியும்



சென்ற ஆண்டு என் மகள் பயிலும் டெல்லிப் பள்ளியில் பெற்றோர்களை அழைத்திருந்தார்கள். புறப்படும் வேளையில் அவள் என் அருகே வந்து, "அப்பா, டீச்சரிடம் அம்மாவே பேசட்டும். நீங்கள் சும்மா இருங்கள்" என்றாள். காரணம் கேட்டேன். "நீங்கள் 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்' என்பீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள்" என்றாள். மத்திய அரசாங்க அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவன் நான். ஆயினும் அன்று பள்ளியில் வாய் திறவாமலே அமர்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினேன்.

மகள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், கடல் கடந்த நிறுவனம் ஒன்றுக்கு ஒரு கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. 'தங்கள் கடிதத்தைப் படித்ததில் சில சந்தேகங்கள் எழுந்தன' என்பதே விஷயம். சந்தேகம் என்ற இடத்தில் 'டவுட்' என்று எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. தங்கள் நிறுவனத்தின் நாணயத்தை ஐயுறுவதற்கு என்ன காரணம் என்று மனம் நொந்து கேட்டிருந்தார்கள்! நாம் சந்தேகம் கேட்பது விளக்கம் பெறுவதற்கு. ஆங்கிலேயர் வழக்கிலோ 'டவுட்' என்பது நம்பிக்கைக் குறைவு. 'குவெஸ்சன்' என்ற ஒரு சொல்லால் முடிந்திருக்க வேண்டிய காரியம் ஒரு மாதக் கடிதப் போக்குவரத்தாக நீண்டது.

இத்தகைய பிழைகள் எங்கிருந்து வருகின்றன? இவற்றைக் கண்டு நாணத்தான் வேண்டுமா? இவற்றுக்கு விடை தேடினால் நம் நாட்டுச் சரித்திரத்தில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

கல்கத்தாவில் இந்துக் கல்லூரி தோன்றியது 1817 இல். இந்தியருக்கு மேனாட்டு விஞ்ஞானக் கல்வி தேவை என்று ராஜா ராம்மோகன் ராய் கவர்னர் ஜெனரலுக்கு விண்ணப்பித்தது 1823 இல். மெக்காலே தம் பெயர் பெற்ற கல்விக் குறிப்பை எழுதியது 1835 பிப்ரவரி 2 ஆம் நாள். அடுத்த மாதமே பெண்டிங்க் பிரபுவின் அரசாங்கம் கல்விப் பணத்தை ஆங்கிலக் கல்விக்கென ஒதுக்கிற்று. 1857 இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. அதன்பின் ஆங்கிலப் பரீட்சையில் தேறியவனுக்கு உத்தியோகம்; தேறாதவனுக்கு ஏமாற்றம் என்ற நிலை உறுதிப்பட்டது.

ஆனால் அக்கால மாணவன் ஆங்கிலத்தை ஆங்கிலேயர் வாயிலிருந்து கற்கவில்லை, புத்தகத்திலிருந்தே கற்றான். ஷேக்ஸ்பியரும் மில்டனும் ஜான்சனும் அவனுக்குப் பாடம். காய்கறி வாங்கும் ஆங்கிலம், நண்பனோடு அளவளாவும் ஆங்கிலம் இன்னதென்று அவன் அறிய வழியில்லை. காவியத்தில் கண்ட சொல்லையும், அகராதியில் கண்ட சொல்லையும், கச்சேரிக் காகிதத்தில் கண்ட சொல்லையும் ஒரே பந்தியில் அமர்த்தினான்.

இதனால் நேர்ந்த ஒரு சோகக் கதையைச் சொல்ல வேண்டும். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கியவர் அனுகூல சந்திர முகர்ஜி. அவர் மறைந்தபின், அவருடைய குடும்பத்து இளைஞரான மகேந்திரநாத முகர்ஜி, அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1873 இல் வெளியிட்டார். பெரியவரிடம் வைத்திருந்த பக்தியெல்லாம் அதில் கொட்டிக் கிடந்தது. தாம் அறிந்த உயர்ந்த சொற்கள் அனைத்தையும் தேடித் தேடி அந்நூலில் கோத்தார். மாலை கட்டுபவன் தோட்டத்துப் பூ அனைத்தையும் ஒரே சரத்தில் தொடுத்தது போலாயிற்று. படித்த ஆங்கிலேயர் வயிறு குலுங்கச் சிரித்தனர். இழவு வீட்டில் எழுந்த அழுகுரல் விருந்து மண்டபங்களில் வேடிக்கைக் கதையாயிற்று. 1896 இல் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் அடுத்த ஆண்டு வெளியிட்ட பயண நூலிலும் அந்நூலின் பகுதிகள் இடம் பெற்றன. ஆயினும் ட்வைன் நியாயம் அறிந்தவர். கல்கத்தா மாணவர்களின் பரீட்சைப் பிழைகளை எடுத்துக்காட்டியவர், ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்ட புரூக்ளின் நகரத்துப் பிள்ளைகளும் இவ்வாறே எழுதியதை நினைவூட்டி, புரியாத பாடத்தை நெட்டுருப் போடச் செய்யும் கல்வி முறையையே குறை கூறினார்.

எல்லாருக்கும் அந்த நியாய உணர்வு இருக்கவில்லை. மரியாதைச் சொல்லாக இருந்த 'பாபு' என்பதே ஆங்கிலேயர் வாயில் இளக்காரச் சொல்லாக மாறியது. தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல் என்பவரும் கர்னல் யூல் என்பவரும் தொகுத்து 1886 இல் வெளியான 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற அகராதி அச்சொல்லின் இழிவுப் பொருளையும் பதிவு செய்கிறது. 1897 இல் அன்ஸ்டி என்பவர் எழுதிய நகைச்சுவை நூல், ஒரு பி.ஏ. பட்டதாரி பாபுவின் ஆங்கிலத்தையே கேலிப் பொருளாகக் கொண்டது. அக்காலத்தில்தான் படித்த இந்தியர் ஆட்சியில் பங்கு கேட்கத் தொடங்கியிருந்தனர். கேட்டவனுடைய நியாயத்துக்கு மறுமொழி இல்லாதபோது அவனுடைய இலக்கணத்தைக் கண்டு சிரிப்பது எளிதாக இருந்தது.

ஆங்கிலேயர் நம் மொழியில் செய்த பிழைகளோ? தூத்துக்குடியை 'டூட்டிகொரின்' என்றனர். திருவல்லிக்கேணி 'டிரிப்ளிகேன்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மலிகடானி' என்று பெயர் மாறி அவர்கள் உணவு மேசையில் ஏறியது. இவற்றைக் கண்டு எவரும் நகைக்கவில்லை; இவை அரசாங்க ஏடுகளிலும் அகராதிகளிலும் ஏறின. ஆள்பவன் செய்த பிழை வழக்காயிற்று. ஆளப்பட்டவன் செய்த பிழை வழுவாகவே நின்றது.

வழு என்றதும் நம் இலக்கண நூலார் நினைவுக்கு வருகின்றனர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு ஏழு வகைப்படும் என்பது நன்னூல் கருத்து. அத்தோடு அவர்கள் நிற்கவில்லை. பிழையற்றது வழாநிலை, பிழையுற்றது வழு, பிழையாயினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. பசுவை ஒருவன் அன்பு மிகுதியால் 'என் அம்மை வந்தாள்' என்றால் அது திணை வழுவே. ஆயினும் உவகை காரணமாக அமைக்கப்படுகிறது. இந்த மூன்று பிரிவுகளையும் கைக்கொண்டால் நம்மவர் ஆங்கிலத்தையும் நடுநிலையோடு நோக்கலாம்.

முதலில் தாய்மொழியின் சாயலால் வரும் வழுக்கள். 'வருகிறேன்' என்ற ஒரே வினை நமக்கு வழக்கமாக வருவதையும் குறிக்கும், இப்போது வந்துகொண்டிருப்பதையும் குறிக்கும். ஆங்கிலம் இரண்டுக்கும் வேறு வேறு உருவம் கேட்கிறது. நாமோ நீண்ட உருவமே கம்பீரமானது என்று கருதி 'ஐ ஆம் ஹேவிங்', 'ஐ ஆம் நாட் நோயிங்' என்கிறோம். 'என் நண்பர் ஒருவர்' என்பது நமக்கு ஒருமை. ஆங்கிலத்திலோ நண்பர்கள் பலருள் ஒருவர் என்றே சொல்ல வேண்டும். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' பிறப்பது இதனால்தான். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று சொல்லிப் பழகிய நாக்கு 'டிஸ்கஸ் அபவுட்' என்கிறது. தமிழனின் 'இல்லையா'வும், வடநாட்டானின் 'ஹை நா'வும் எல்லா வாக்கியத்தின் இறுதியிலும் 'இஸ்ன்ட் இட்' என்று வந்து ஒட்டிக்கொள்கின்றன.

'எ', 'தி' என்னும் சிறு சொற்களின் தொல்லை தனி. தமிழிலோ இந்தியிலோ அவை இல்லை. ஆதலால் எங்கே இடுவது, எங்கே விடுவது என்ற உணர்வு நமக்கு இயல்பாக வருவதில்லை. ஆனால் அவற்றால் பொருளே மாறிவிடும். 'எ ஃப்யூ' என்றால் சில உண்டு; வெறும் 'ஃப்யூ' என்றால் இல்லை என்றே சொல்லத்தக்க அளவு. விண்ணப்பத்துடன் சில சான்றுகளை இணைத்திருக்கிறேன் என்று எழுத வந்தவர் அந்த ஓரெழுத்தை விட்டுவிட்டால், சான்று போதாது என்று தாமே ஒப்புக்கொண்டவர் ஆகிறார்.

உச்சரிப்பும் அப்படியே. கங்கைக்கரை நண்பர் 'இஸ்கூல்' என்கிறார், பஞ்சாபி நண்பர் 'சகூல்' என்கிறார், நாம் சிரிக்கிறோம். நாம் எம்.ஏ. என்பதை 'யெம்மே' என்கிறோம், அவர்கள் சிரிக்கிறார்கள். ரகரமும் லகரமும் மொழிக்கு முதலில் வாரா என்று கருதி இராமன் என்றும் இலக்குவன் என்றும் முன்னே ஓர் உயிரெழுத்தைச் சேர்த்து எழுதிய பரம்பரையில் வந்த நாம், 'இஸ்கூல்' என்பதைக் கண்டு நகைக்கலாமா?

இரண்டாவது வகை, சரித்திரம் விட்டுச் சென்றவை. 'டூ தி நீட்ஃபுல்' என்பதை இன்று இங்கிலாந்தில் கேட்பது அரிது. ஒரு காலத்தில் அங்கே வணிகர் கடிதங்களில் இயல்பாகப் பயின்ற தொடர் அது. 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்பதில் வரும் ஸ்டேஷன் ரயில் நிலையம் அன்று. வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கியிருந்த ஊர். அவர்கள் சென்றுவிட்டனர், அந்தத் தொடர் நம் விடுமுறை விண்ணப்பங்களில் தங்கிவிட்டது. இவை பழைய வழக்கேயன்றி அறியாமையின் விளைவு அல்ல.

மூன்றாவது வகையைத்தான் வழுவமைதி என்பேன். 'கசின் பிரதர்' என்பது பிழை என்பார்கள். பெரியப்பா மகனை அண்ணன் என்றே அழைத்து வளர்ந்தவனுக்கு, ஆணா பெண்ணா என்று கூடக் காட்டாத 'கசின்' எப்படிப் போதும்? மேலே சொன்ன மகேந்திரநாதரை ஆங்கில நூல்கள் நீதிபதியின் 'நெவ்யூ' என்கின்றன. அண்ணன் மகனா, தம்பி மகனா, உடன்பிறந்தாள் மகனா என்பதை அச்சொல் கூறவில்லை. ஆகவேதான் 'குடும்பத்து இளைஞர்' என்று நான் நழுவ வேண்டியதாயிற்று! தசரதனுக்கு இராமன் எத்தனையாவது மகன் என்ற எளிய கேள்வியை நேராகக் கேட்க ஆங்கிலத்தில் வழியே இல்லை. ஆகவே தேவைக்கேற்ற சொல்லை நம்மவர் ஆக்கிக்கொண்டதில் வியப்பில்லை. குறித்த நாளைத் தள்ளி வைப்பது 'போஸ்ட்போன்' எனில், அதற்கு முன்னதாகவே நடத்துவது 'பிரிபோன்'. அச்சொல் இன்று ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது.

அப்படியானால் திருத்தமே வேண்டாமா? வேண்டும். 'டவுட்' என்ற சொல்லால் நான் பட்ட பாட்டைச் சொன்னேன். ஆனால் திருத்துவதற்கும் ஒரு முறை உண்டு. பம்பாய் மாகாணத்தில் சிவில் சர்வீஸ் அதிகாரியாக இருந்த விட்வொர்த் என்பவர், இந்தியர் செய்யும் ஆங்கில மரபுப் பிழைகளை ஆராய்ந்து 1907 இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நிய மொழியில் இந்தியர் பெற்றிருக்கும் ஆற்றலை வியந்துவிட்டே அவர் பிழைகளைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்.

அவரினும் சிறந்த உதாரணம் நம்மவர் ஒருவரே. காந்தியடிகள் குஜராத்தியில் எழுதிய சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலமாக்கினார். 1940 இல் வெளியான திருத்தப் பதிப்பின் முன்னுரையில், பெருமதிப்புக்குரிய நண்பர் ஒருவர் மொழிநடையைக் கவனமாகத் திருத்தித் தந்தார் என்றும், தம் பெயரை எக்காரணம் கொண்டும் வெளியிடலாகாது என்று நிபந்தனை விதித்தார் என்றும் தேசாய் குறிப்பிட்டார். அந்த நண்பர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் என்பது பின்னர் வெளிப்பட்டது. திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தவர். ஆங்கிலச் சொல்வன்மையால் உலகப் புகழ் பெற்றவர். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்காதவர். அப்படியிருந்தும் அவர் நூலின் நடையை வரி வரியாகச் செப்பனிட்டுவிட்டுத் தம் பெயரை மறைத்துக்கொண்டார். அவர் நினைத்திருந்தால் அப்பிழைகளைச் சொல்லியே சபையில் புகழ் தேடியிருக்கலாம்.

இதையெல்லாம் ஒருநாள் என் மகளுக்குச் சொன்னேன். மகேந்திரநாதரின் கதையைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "பாட்டியும் அப்படித்தானே சிரித்தாள்?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு கோடைகளுக்கு முன் கும்பகோணத்தில் ரயிலடியில் நின்றபோது அவள் "வண்டி வந்துவிட்டாள்" என்றாள். இந்தியில் வண்டி பெண்பால். அந்தப் பழக்கத்தில் வந்த வழு. பாட்டியும் உறவினரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பின் பாட்டி தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் அவள் "ஆம்", "இல்லை" என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டாள். கூச்ச சுபாவம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

வெளி மாநிலங்களில் வாழும் நம் வீடுகளில் இந்த இரண்டு மௌனங்களும் உண்டு. பெற்றோர் ஆங்கிலத்துக்கு அஞ்சிப் பள்ளியில் வாய் மூடுகின்றனர். பிள்ளைகள் தமிழுக்கு அஞ்சி ஊரில் வாய் மூடுகின்றனர்.

இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என் ஆங்கிலத்தில் அன்று கண்ட ஒரு பிழையை அவள் சொல்வாள். அவள் தமிழில் கண்ட ஒன்றை நான் சொல்வேன். மூன்றாவது ஆள் முன்னிலையில் திருத்துவதில்லை. சென்ற வாரம் பாட்டியோடு கால் மணி நேரம் பேசினாள். இடையில் இரண்டு திணை வழுவும் ஒரு பால் வழுவும் என் காதில் விழுந்தன. பாட்டியும் சிரிக்கவில்லை, நானும் குறுக்கிடவில்லை. அடுத்த மாதம் பள்ளியில் மறுபடியும் பெற்றோர் கூட்டம் வருகிறது. டீச்சரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன். என்னையே பேசச் சொல்லியிருக்கிறாள்.