பூங்காவிலிருந்து காட்டுக்கு: உண்ணிச்செடியின் இருநூறு ஆண்டுகள்

இந்தியக் காடுகளை இன்று அடைத்து நிற்கும் உண்ணிச்செடி, இந்நாட்டுக்கு அழகுச்செடியாகவே வந்தது. வெப்பமண்டல அமெரிக்காவுக்குரிய இச்செடியை 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். அங்கே கண்ணாடிக் குடில்களில் பல நிறக் கலப்பினங்கள் உருவாயின. 1753இல் லின்னேயஸ் இதற்கு ‘லண்டானா கமாரா’ எனப் பெயரிட்டார். 1787இல் நிறுவப்பட்ட கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு 19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இது வந்து சேர்ந்தது.

தோட்டக்காரர்கள் இதை விரும்பியதற்குக் காரணங்கள் பல. முற்றிய தண்டை வெட்டி நட்டாலே வேர்விடும். வெயில் போதும், வளமான மண் வேண்டியதில்லை. கத்தரிக்கக் கத்தரிக்கப் புதர் அடர்ந்து பூக்கும். இலையில் நச்சுப்பொருள் இருப்பதால் கால்நடைகள் மேய்வதில்லை. ஆகவே வேலிச்செடியாகவும் பரவிற்று. இதே நற்குணங்கள் காட்டில் கேடாயின. கருநிறக் கனிகளைத் தின்ற பறவைகள் விதைகளைத் தொலைவுக்குக் கொண்டுசென்றன. வெட்டிய அடிமரமோ மீண்டும் துளிர்த்தது. 1921இல் இதன் கனியைத் தாக்கும் ஈ இனம் இந்தியாவில் விடப்பட்டும் பரவல் நிற்கவில்லை.

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலை இவ்வரலாற்றின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. அங்கு வாழும் சோலிகர்கள், கோடையின் தொடக்கத்தில் சருகுகளுக்கு மட்டும் மெல்லிய தீ வைப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். அதைத் ‘தரகு பெங்கி’ என்பர். 1974இல் அம்மலை வனவிலங்குச் சரணாலயமாக்கப்பட்டபின் இவ்வழக்கம் தடைப்பட்டது. தீ நின்றதாலேயே உண்ணிச்செடியின் இளங்கன்றுகள் அழியாமல் பெருகின என்பது சோலிகர்களின் விளக்கம். 1997க்கும் 2008க்கும் இடையே அங்கு இச்செடியின் அடர்த்தி பன்மடங்கு பெருகியதை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். அப்பெருக்கத்துக்குத் தீத்தடை ஒன்றே காரணமெனக் கொள்ள இயலாது. எனினும் காட்டை அறிந்தோரின் சான்று கொள்கை வகுப்பில் நெடுங்காலம் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. பழைய வழக்கத்துக்கு உடனே திரும்புவதும் எளிதன்று: அடர்ந்த புதர் இன்று எரிந்தால் தீ மரக்கிளைகளுக்கு ஏறும்.

டெல்லிப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் சி.ஆர். பாபுவின் குழு வேறொரு வழியை முன்வைத்தது. மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் அது துளிர்ப்பதில்லை. பின்னர் அவ்விடத்தில் நாட்டுப் புற்களையும் மரங்களையும் வளர்க்க வேண்டும். தண்டு வேர்விடும் இயல்பை அறிந்து நட்டவரிடமிருந்து, அது துளிர்க்கும் இடத்தை அறிந்து அகற்றுபவர்வரை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். ஒரு செடியை வளர்க்கும் முறையைக் கற்ற வேகத்தில், அது எல்லை மீறினால் என்னாகும் என்பதைக் காலனியத் தோட்டக்கலை கற்கவில்லை.