தீட்டும் மாசும்

கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கி வர்ற தண்ணிதான் எங்க வடுகபட்டிக்கு. வராக நதி சோத்துப்பாறையைத் தாண்டி, பெரியகுளத்துக்குள்ளே புகுந்து, எங்க ஊர், மேல்மங்கலம், ஜெயமங்கலம் என்று கரைகளைத் தொட்டுப் போய் வைகையில் சேர்கிறது. இந்தத் தண்ணிக்கு இரண்டு வரலாறு உண்டு. ஒன்று தீட்டின் வரலாறு, மற்றது மாசின் வரலாறு. படித்தவர்கள் இரண்டாவதை மட்டும் பேசுகிறார்கள்.

தீட்டு பழசு. சேரிப் பொம்பளைக குடத்தைக் கீழே வச்சிட்டு, யாராச்சும் எட்ட நின்னு ஊத்துவாகளான்னு காத்துக் கெடந்ததை என் அப்பத்தா சொல்லும். "நம்ம கை பட்டா தண்ணி கெட்டுப்போகுமாம்ல" என்று சிரிக்கும். 1927 மார்ச் 20இல் மகாராட்டிரத்து மகாத் ஊரில், சவுதார் குளத்துத் தண்ணீரை அம்பேத்கர் அள்ளிக் குடித்தார். பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். எதை வைத்து? சாணி, மாட்டு மூத்திரம், பால், தயிர் கலந்து 108 பானை ஊற்றி. சாணி கரைத்த தண்ணி சுத்தம், மனுசன் தொட்ட தண்ணி அசுத்தம்!

மாசு புதுசு. அமெரிக்காவில் வாட்டர்டவுன் ஊரில் ஓடிய தெர்மாமீட்டர் ஆலை 1980களில் கொடைக்கானலுக்கு வந்தது. பின்னால் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் முஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடந்தது வெளியே வந்து, ஆலை மூடப்பட்டது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்கள் விசயத்தில் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஆலைக்குக் கீழே பாம்பாறு சோலை. கும்பக்கரை அருவியாக விழுவது அந்தப் பாம்பாறுதான். அதுவும் வைகைக்குப் போற தண்ணிதான். பாதரசம் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் உருமாறி மீனில் ஏறும், மீனிலிருந்து மனுசனுக்கு வரும்.

மலையடிவாரத்தில் வேறு கதை. பெரியகுளத்துச் சாக்கடை வராக நதியில் கலக்கிறது. மலம் அள்ளவைப்பதை 1993லேயே சட்டம் தடுத்தது. 2013இல் இன்னொரு சட்டமும் வந்தது. ஆனாலும் நாடு முழுக்கச் சாக்கடைக்குள் இறங்கிச் சாகிறவன் எந்தச் சாதி என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

யோசித்துப் பாருங்கள். கழிவை வெளியே விட்ட ஆலையை எவனும் தீட்டுன்னு சொல்லலை. சாக்கடையை ஆத்துல விடுற ஊரை எவனும் தள்ளி நிக்கச் சொல்லலை. அதைச் சுத்தம் பண்றவன்தான் இன்னும் அசுத்தம்.

தண்ணீரைச் சோதிக்க வருகிறவர்கள் கிருமியை எண்ணட்டும், பாதரசத்தை அளக்கட்டும். கூடவே மேலேயிருந்து விடுறவன் யாரு, கீழேயிருந்து குடிக்கிறவன் யாருன்னும் எழுதிக்கொள்ளட்டும். அது எழுதாத அறிக்கை அரை அறிக்கைதான்.