குடல் நரம்பும் பறைத்தோலும்

‘சிப்காட் தொழிலாளியைப் பற்றிப் பேசுகிறவனுக்குப் பாஹ் எதுக்குய்யா?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பரோக் சமய இசை வெள்ளைக்கார மேட்டுக்குடியின் சரக்கு, நமக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தை வரலாறு அனுமதிக்கவில்லை என்றுதான் நான் சொல்ல வருகிறேன்.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே ஏரிக்கரையில் பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அந்த நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்திலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தபோது வேப்பேரியிலிருந்த லுத்தரன் பாதிரியார் ஃபப்ரீசியஸ் அடைக்கலம் புகுந்தது இதே ஊரில்தான். தமிழ் வேதாகமத்தையும் அகராதியையும் தந்தவர். ஜெர்மன் சபைப் பாட்டுகளை, மெட்டு மாறாமல், தமிழில் ஞானப்பாட்டுகளாக ஆக்கியவர்களில் முதன்மையானவரும் அவரே. அந்த வருஷம் பாஹ் லைப்சிக்கில் உயிரோடு இருக்கிறார்.

ஒரு மெட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஹாஸ்லர் 1601இல் அதைக் காதல் பாட்டாக அச்சிட்டார். பிறகு அது சிலுவைப்பாடு பற்றிய பாட்டுக்கு உரியதாயிற்று. பாஹ் தன் ‘மத்தேயு பாடுக’ளில் (1727) ஐந்து இடத்தில் அதை வைத்தார். தமிழ் லுத்தரன் சபைகளில் பெரிய வெள்ளியன்று பாடுவதும் அதே மெட்டுத்தான். டிக்கெட் இல்லை, மேடை இல்லை. கிழவிகள் புத்தகம் பார்க்காமல் பாடுவார்கள்.

ஐரோப்பாவில் நடந்தது வேறு. பாஹ் இறந்தபின் லைப்சிக்குக்கு வெளியே கேட்பாரற்றுக் கிடந்த அந்தப் படைப்பை 1829 மார்ச்சில் மெண்டல்ஸோன் பெர்லினில் நிகழ்த்தினார். கோயிலில் அல்ல, இசையரங்கில். சபையார் ரசிகர்களானார்கள். 1953இல் ஹார்னன்கோர்ட் வியன்னாவில் குழு அமைத்து, ஆட்டுக்குடல் நரம்பு, பழைய வில், தாழ்ந்த சுருதி என்று அசல் ஒலியைத் தேடினார். அப்புறம் அரங்கியல்காரர்கள் வந்தார்கள். பீட்டர் செல்லர்ஸ் 2010இல் பெர்லினில் இதே ‘மத்தேயு பாடுக’ளில் பாடகர்களை நடமாடவும் தழுவவும் அழவும் வைத்தார். காலக்கருவிகளோடு பார்வையாளரையும் நிகழ்வுக்குள் அமிழ்த்தும் ஆக்கங்கள் இப்போது பெருகிவிட்டன. 1829இல் பிரித்துவைத்த மேடையையும் கூட்டத்தையும் மறுபடி ஒட்டவைக்கும் முயற்சி என்றே இதை நான் வாசிக்கிறேன். நரம்பை மீட்கலாம், சுருதியை மீட்கலாம். கூடிப் பாடிய உறவை மீட்பது எப்படி?

‘நம்மிடம் அந்த உறவு அறுபடவே இல்லையே’ என்று இங்கே ஒருவர் மார்தட்டலாம். சரி, அந்தச் சபையில் யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்? தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் 18ஆம் நூற்றாண்டில் பாட்டு ஒன்று, பாய் வேறு வேறு. 1741இல் பறையர் உபதேசியார் ராஜநாயக்கனைக் குருவாக்கும் பேச்சு எழுந்தது. வேளாளர் அவர் கையால் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்று கைவிடப்பட்டது.

மெண்டல்ஸோனின் அதே 1829இல் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் ‘சாதி திருத்தலின் பயித்திய’த்தை எழுதுகிறார். புதிதாக வந்த மிஷனரிகள் நற்கருணையில் சாதி பார்க்காதே என்றார்கள். அதே கையோடு பூமாலையையும் தமிழ்க் கீர்த்தனைகளையும் தடுத்தார்கள். சாஸ்திரியார் இரண்டையும் ஒரே மூச்சில் எதிர்த்தார். தமிழ்ப் பாட்டுக்காக நின்ற குரல் சாதிக்காகவும் நிற்கிறது. சாதியை எதிர்த்த கை தமிழ்ப் பாட்டின் வாயைப் பொத்துகிறது. இதில் ஒரு பக்கத்தை முற்போக்கு என்று சுலபமாக முத்திரை குத்த முடியுமா?

அமிழ்தல் நமக்கு இறக்குமதிச் சரக்கும் அல்ல. தொண்டைமண்டலத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக்கூத்தின் கடைசி நாள் படுகளம். மண்ணில் கிடத்திய துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஊரே அரங்கு. அங்கே ஆர்மோனியமும் ஒலிக்கிறது, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெட்டிதான். ‘காலக்கருவி’ என்று யாரும் அதை வெளியே தள்ளுவதில்லை. ஆனால் அந்த ஊரும் ஊர், சேரி என்று இரண்டாகவே கிடக்கிறது.

ஆகவே அசல் ஒலி என்னும் கேள்வியை நான் கருவியிலிருந்து கூட்டத்துக்கு நகர்த்துகிறேன். மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (பறட்டை, 1940–2005) நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கூடவே ‘ஒரு உலை’ என்னும் இறையியலையும் வைத்தார். ஒரே உலையில் பொங்கி ஒன்றாய் உண்பது. அவரிடம் பறை வெறும் வாத்திய மாற்றம் அல்ல. ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட பந்திக்கு அது பதில்.

பழவேற்காட்டில் ஒருநாள் ‘மத்தேயு பாடுக’ளைக் குடல் நரம்போடு யாராவது நிகழ்த்தினால் எனக்குச் சந்தோஷம்தான். கூடப் பறை வேண்டும். கப்பலேற்றப்பட்டவர்களின் கதையும் அந்தப் பாடுகளில் ஒரு அதிகாரமாக வேண்டும். நிகழ்வு முடிந்ததும் ஒரே பந்தி. அந்தப் பந்தி இல்லாமல் எத்தனை அசலான நரம்பு கட்டினாலும் அதை நான் அருங்காட்சியக ஒலி என்றே சொல்வேன்.