நிலமும் சமாதானமும்: காந்திகிராமம் முதல் கீழ்வெண்மணி வரை

சமாதானப் பணி என்றவுடன், கலகம் மூண்ட இடத்திற்கு விரைந்து சென்று இரு சாராரையும் அமர்த்துவதையே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். திண்டுக்கல் சமவெளியில் சென்ற நூற்றாண்டில் உழைத்த சிலர் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் கண்டனர். அவர்களுள் ஒருவர் நம் திருச்சபை மரபில் வந்தவர் என்பதை நம்மில் பலர் அறியோம்.

ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் 1925இல் அமெரிக்க மதுரை மிஷனின் ஊழியராக வந்தார். அம்மிஷன் 1835இலேயே திண்டுக்கல்லில் கால்கொண்டிருந்தது. கெய்த்தானோ காந்தியடிகளின் வழியினரோடு நெருங்கிப் பழகினார். ஆங்கில அரசு அதனைப் பொறுக்கவில்லை. 1930இலும் 1944இலும் அவர் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அரசியலில் தலையிடுவதில்லை என்ற உறுதிமொழிக்குக் கட்டுப்பட்டே அயல்நாட்டு மிஷனெரிகள் அந்நாளில் இங்குப் பணிபுரிந்தனர். அவ்வுறுதிமொழி அமைதியைக் காத்ததா, வாயை அடைத்ததா? இரண்டாவதே நம் கருத்து.

விடுதலைக்குப்பின் திரும்பிய கெய்த்தான் காந்திகிராமத்தோடு இணைந்தார். சின்னாளபட்டிக்கருகே டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய நிலையம் அது. அங்கு மாணவர்க்குச் சாந்தி சேனைப் பயிற்சி அளிக்கப்பட்டது. அமெரிக்க நீக்ரோ மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூத்தர் கிங் 1959இல் இந்தியா வந்தபோது காந்திகிராமத்தையும் கண்டு சென்றார்.

ஆயினும் கலகத்தை அடக்கும் தொண்டர் படை மட்டும் போதுமா? உழுபவனுக்கு நிலமில்லாத ஊரில் நிலவும் அமைதி எத்தகையது? வத்தலக்குண்டுப் பகுதியில் உழைத்த சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இக்கேள்வியையே பற்றிக்கொண்டனர். கிருஷ்ணம்மாள் இவ்வட்டாரத்து நிலமற்ற தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்தவர். இருவரும் 1950இல் மணந்தனர். வினோபா பாவே 1951இல் தொடங்கிய பூமிதான இயக்கத்தைத் தமிழகத்தில் வளர்த்தவர்களுள் இவர்கள் முதன்மையானவர்கள். கெய்த்தானும் இவர்களுக்குத் தோழராயிருந்தார். தானமாகக் கிடைத்த நிலத்தில் தரிசும் கரம்பும் மிகுதி. மாடும் விதையும் கடனும் இன்றி அவற்றுட் பல பாழ்கிடந்தன. மனமாற்றம் மட்டுமே மண்ணைப் பண்படுத்திவிடாது என்பதை இவர்கள் அனுபவத்தில் கண்டனர்.

கிழக்கே காவிரிப் படுகையில் நிலைமை இன்னும் கொடியது. கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்க்கும் நிலக்கிழார்க்கும் மூண்ட பகையில், 1968 டிசம்பர் 25 அன்று இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். ஆலயங்களில் நாம் பாலகன் பிறப்பைக் கொண்டாடிய நாள் அது. கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது.

இத்தம்பதியர் அப்பகுதிக்கே சென்று தங்கினர். வலிவலத்தில் கோயில் நிலத்துக்காகச் சத்தியாக்கிரகம் நடத்தினர். 1981இல் உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தோற்றுவித்தனர். நிலக்கிழாரோடு பேசி விலை முடித்து, வங்கிக் கடனும் அரசு உதவியும் பெற்று, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் பெண்களின் பெயரில் பதிவு செய்வது அதன் முறை. ஒடுக்கியவருக்கே விலை கொடுப்பதா என்று குறைகூறுவோர் உண்டு. அக்குறையில் நியாயமும் உண்டு. எனினும் நேற்றுவரை கூலிக்கு நின்ற பெண்ணின் பெயரைப் பதிவு அலுவலகமும் வங்கியும் தம் ஏடுகளில் எழுதவேண்டியதாயிற்று என்பது சிறு மாற்றமன்று. காவல்படை ஊரைவிட்டுச் சென்ற பின்பும் பட்டா நிற்கும்.

நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றி நாம் பிரசங்கித்ததுண்டு. திருச்சபைகளின் பெயரிலும் இந்நாட்டில் நிலங்கள் இருக்கின்றன. அவற்றை உழுபவர் யார், குத்தகை ஏட்டில் இருப்பது யார் பெயர் என்று நம் சபைக் கமிட்டிகளில் எத்தனை முறை கேட்கப்பட்டது?

கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 2008இல் ஸ்வீடனில் வழங்கப்பெறும் வாழ்வுரிமை விருதைப் பெற்றனர். ஜெகந்நாதன் 2013 பிப்ரவரியில் காந்திகிராமத்தில் காலமானார்.