சில்லும் ரயரும்: அளவு மாற்றத்தின் வரலாறு

மனிதன் கண்ட கருவிகளுள் சில்லு மிகத் தொன்மையானது. ஆயின், அச்சில்லைச் சூழ்ந்து நிற்கும் காற்றடைத்த ரயரின் வரலாறோ இரு நூற்றாண்டுகளைக்கூட எட்டாதது. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் காரின் சில்லுகளுக்கு ஆக்குநர் குறித்த அளவினதான ரயரையே பூட்டுதல் வேண்டுமா, அன்றிச் சில்லை மாற்றாமலே வேறோர் அளவைத் தெரிந்துகொள்ளலாமா என்னும் வினா, கராச்சுகளிற் பேசித் தீர்க்கப்படும் சிறு வினாவாகவே பலருக்குத் தோன்றும். எனினும், இவ்வினா தோன்றி நூறாண்டுகளுக்கு மேலாகின்றன. அதற்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளில் பொறியியலறிவின் வளர்ச்சி, கம்பனிகளின் போட்டி, பாவனையாளரின் உயிர்ப்பாதுகாப்பு ஆகிய மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. அவ்வகையில் இது வரலாற்று மாணவரின் கவனத்துக்கும் உரியதாகின்றது.

தெரிவுக்கு வழிவகுத்த கண்டுபிடிப்புகள்

இறப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைச் சாள்ஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். காற்றடைத்த ரயருக்கான முதல் ஆக்கவுரிமையை 1845இல் பெற்றவர் றொபேட் வில்லியம் தொம்சன் என்பவராவர். அவரது ஆக்கம் காலத்தை முந்தியதாகையால் மறக்கப்பட்டது. 1888இல் பெல்பாஸ்ற் நகர மிருக வைத்தியரான ஜோன் பொய்ட் டன்லப் அதனை மீண்டும் கண்டார். தொம்சனின் முன்னுரிமை காரணமாக டன்லப்பின் ஆக்கவுரிமை 1890இல் செல்லாததாயிற்றாயினும், பயன்பாட்டுக்கு வித்திட்ட பெருமை அவருக்கே உரியது.

டன்லப்பின் ரயர் சில்லோடு ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டிய ரயருக்கும் சில்லுக்குமிடையே தெரிவு என்பது எழவில்லை. 1890இல் வெல்ச் என்பவர் நீளாத கம்பியை ரயரின் ஓரத்திற் பொதித்தும், பாட்லற் என்பவர் சில்லின் விளிம்பில் ரயரின் ஓரத்தைக் கொளுவியும் இவ்விரண்டையும் பிரித்துப் பூட்டும் வழிகளைக் கண்டனர். பிரான்சில் மிச்செலின் சகோதரர் 1891இல் கழற்றிப் பூட்டத்தக்க ரயரை வெளியிட்டனர். அவ்வாண்டின் பாரிஸ் - பிரெஸ்ற் - பாரிஸ் துவிச்சக்கர வண்டிப் போட்டியில் அதனைப் பூட்டிய தெரோன் வெற்றி பெற்றார். 1895இல் பாரிஸ் - போர்தோ - பாரிஸ் போட்டியில் அச்சகோதரர் காற்றடைத்த ரயரைக் காரிலே பூட்டி ஓட்டினர். ரயர் வேறு, சில்லு வேறு என்னும் நிலை இவ்வாறு உருவானதன் பின்னரே, ஒரு சில்லுக்குப் பல ரயர்கள் என்னும் எண்ணத்துக்கு இடமேற்பட்டது.

‘போர்ட் ரீ’ காலமும் பெரிய ரயரும்

இவ்வெண்ணம் பொதுமக்களிடையே பரவியமைக்குப் போர்ட் கம்பனியின் ‘ரீ’ மாதிரிக் கார் தக்க சான்றாகும். 1908இல் அறிமுகமான அக்காரின் முன்சில்லுகள் 30 x 3 அளவினவும், பின்சில்லுகள் 30 x 3½ அளவினவுமான ரயர்களை ஏற்றன. அக்காலக் குறியீட்டில் முதலெண் ரயரின் வெளி விட்டத்தையும், இரண்டாவது எண் அதன் தடிப்பையும் அங்குலத்திற் சுட்டின. தடிப்பின் இருமடங்கை வெளி விட்டத்திலிருந்து கழித்தால் சில்லின் விட்டம் பெறப்படும். முன்சில்லு 24 அங்குலமும் பின்சில்லு 23 அங்குலமும் ஆதலின், ஒன்றன் ரயர் மற்றதற்குப் பொருந்தாது. நெடும்பயணஞ் செல்வோர் இருவகை ரயர்களையும் சுமந்து செல்ல நேர்ந்தது.

இக்கணக்கிலேயே அளவு மாற்றத்துக்கான வழியும் அடங்கியிருந்தது. வெளி விட்டத்தை ஓரங்குலமும் தடிப்பை அரையங்குலமும் கூட்டினால் சில்லின் விட்டம் மாறாது. எனவே 30 x 3½ பூட்டிய சில்லில் 31 x 4 ரயரும், 33 x 4 பூட்டிய சில்லில் 34 x 4½ ரயரும் அமர்ந்தன. இவை ‘மேலளவு’ ரயர்கள் என விற்கப்பட்டன. சுமையைத் தாங்குவது இறப்பரன்று, அதனுள் அடைபட்ட காற்றே. காற்றின் கனவளவு கூடியபோது கூடிய சுமையைத் தாங்கவும், குண்டுங்குழியுமான வீதிகளில் அதிர்ச்சியைக் குறைக்கவும் முடிந்தது. ஆயின், இந்நன்மை விலையின்றிக் கிட்டவில்லை. விட்டம் 30இலிருந்து 31 அங்குலமாகும்போது ஒவ்வொரு சுழற்சியிலும் கார் முப்பதிலொரு பங்கு கூடிய தூரஞ் செல்லும். அதற்கேற்ப ஏற்றங்களில் இயந்திரத்தின் இழுவை குன்றும். சில்லின் சுழற்சியை எண்ணும் வேகமானி உண்மை வேகத்திலுங் குறைவாகவே காட்டும்.

1923இல் பயர்ஸ்ரோன் கம்பனி ‘பலூன்’ ரயரை அறிமுகஞ் செய்தது. முன்னைய ரயர்கள் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அளவிலான அமுக்கத்தை வேண்டிநிற்க, தடித்த பலூன் ரயருக்கு ஏறத்தாழ அதன் அரைப்பங்கே போதியதாயிற்று. பயணம் மென்மையாயிற்று, ஆயினும் எதிர்பாராத இடர் ஒன்று தோன்றியது. குறித்த வேகங்களில் முன்சில்லுகள் தாமாகவே இடமும் வலமுமாக நடுங்கலாயின. பாரமான ரயர், அதன் நெகிழ்ந்த பக்கச்சுவர், முன்னச்சு, திருப்பும் பொறி ஆகியவை ஒன்றோடொன்று இயைந்து அதிர்ந்தமையே இதற்குக் காரணமாகும். ரயர் தனித்ததோர் உறுப்பன்று, காரின் இயக்கத் தொகுதியின் ஓர் அங்கம் என்னும் உண்மை இந்நடுக்கத்தினால் வெளிப்பட்டது. 1925இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் புறூலியே இந்நடுக்கத்தை ஆராய்ந்து, ரயர் பக்கவாட்டில் வழுகிச் செல்லும் இயல்பை விளக்கினார். 1934இல் அமெரிக்கக் கார்களில் முன்சில்லுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே அசையும் அமைப்புப் பரவலானமைக்கு இப்பிரச்சினையும் ஒரு காரணமாகும்.

இலங்கையின் தொடர்பு

இதே காலப்பகுதி இலங்கையின் பொருளாதார வரலாற்றோடும் தொடர்புடையது. 1876இல் பிரேசிலிலிருந்து விக்காம் கொணர்ந்த இறப்பர் விதைகள் கியூ தாவரவியற் பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டு, நாற்றுகள் அவ்வாண்டிலேயே கம்பகா ஹெனரத்கொடைப் பூங்காவுக்கு அனுப்பப்பட்டன. மோட்டார்த் தொழிலின் எழுச்சியோடு இறப்பர்த் தோட்டங்கள் பெருகின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பும் அவற்றிற் கலந்தது. விலைவீழ்ச்சியைத் தடுக்க 1922இல் பிரித்தானியர் ஸ்ரீவன்சன் திட்டத்தின்கீழ் மலாயாவினதும் இலங்கையினதும் இறப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினர். அதனை எதிர்த்த ஹாவி பயர்ஸ்ரோன் 1926இல் லைபீரியாவில் பத்து இலட்சம் ஏக்கர் வரையிலான நிலத்துக்குக் குத்தகையுரிமை பெற்றார். அமெரிக்கச் சந்தையில் பலூன் ரயரைப் பரப்பிய அதே கம்பனியே மூலப்பொருளின் உற்பத்தியையும் தன் கைப்படுத்த முனைந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஆரை ரயரும் எண்களின் கலப்பும்

மிச்செலின் கம்பனி 1946இல் ஆக்கவுரிமை பெற்று, 1949இல் விற்பனைக்கு விட்ட ஆரை ரயர் அடுத்த பெருந் திருப்பமாகும். பழைய ரயரில் நூலிழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் சென்றன. புதியதில் அவை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகச் செல்ல, நிலத்தைத் தொடும் பகுதியின் கீழ் உருக்குக் கம்பிப் பட்டி அமைந்தது. பிடிப்பும் ஆயுளும் பெரிதுங் கூடின. பழைய கார்களின் சொந்தக்காரர் தம் சில்லுகளை மாற்றாமலே ஆரை ரயருக்கு மாற விழைந்தனர். இலங்கையரின் நன்மதிப்பைப் பெற்ற மொறிஸ் மைனர் காரின் 5.20 - 14 ரயருக்குப் பதிலாக 145 அல்லது 155 அளவினதான 14 அங்குல ஆரை ரயர்கள் பூட்டப்பட்டமை இதற்கு உதாரணமாகும். அவ்விரண்டுக்குமிடையே விட்டத்தில் 16 மில்லிமீற்றர் அளவான வேறுபாடுண்டு.

இம்மாற்றத்திலும் ஓர் ஆபத்து மறைந்திருந்தது. இருவகை ரயர்களும் திருப்பங்களில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வன. முன்னே ஆரை ரயரும் பின்னே பழைய ரயரும் பூட்டிய காரின் பின்பகுதி சறுக்கிச் சுழல இடமுண்டு. ஆகவே, அவ்வாறு பூட்டுவதையும், ஒரே அச்சில் இருவகையையுங் கலப்பதையும் பிரித்தானியச் சட்டம் தடைசெய்தது.

1960களின் பிற்பகுதியிலிருந்து அகலங்கூடி உயரங்குறைந்த ரயர்கள் பரவின. இன்றைய ரயரின் பக்கச்சுவரில் 185/70 R 13 எனப் பொறித்திருப்பதை ஒரு சாசனமாகவே வாசிக்கலாம். 185 என்பது மில்லிமீற்றரில் அகலம். 70 என்பது அகலத்தின் நூற்றுவீதமாகப் பக்க உயரம். R ஆரை அமைப்பு. 13 அங்குலத்திற் சில்லின் விட்டம். ஐரோப்பிய மெற்றிக் அளவும் ஆங்கில அங்குலமும் ஒரே வரியில் அருகருகே நிற்பது, புதிய ரயர்கள் பழைய சில்லுகளை ஏற்றே வளர்ந்தன என்பதற்குச் சான்று பகர்கின்றது.

பழைய 165 - 13 ஆரை ரயரின் பக்க உயரம் அகலத்தில் 82 வீதமாகும். வெளி விட்டம் ஏறத்தாழ 601 மில்லிமீற்றர். 185/70 - 13இன் விட்டம் 589 மில்லிமீற்றர். வேறுபாடு இரண்டு வீதமே. இதனாலேயே முன்னதன் இடத்தில் பின்னதைப் பூட்டுதல் வழக்கமாயிற்று. எனினும், விட்டம் ஒத்திருத்தல் மாத்திரம் போதாது. ஒடுங்கிய விளிம்பில் மிக அகன்ற ரயர் பூட்டப்படின், அதன் ஓரங்கள் உள்ளிழுபட, நடுப்பகுதி புடைத்து விரைவில் தேயும். பக்கச்சுவர் வளைந்து கார் திருப்பத்துக்குத் தாமதித்தே இணங்கும். முழுதாகத் திருப்பும்போதும் பாரமேற்றும்போதும் ரயர் காரின் உடலில் உராயாதிருத்தலும், சுமைக்கும் வேகத்துக்கும் குறிக்கப்பட்ட எல்லைகள் குறையாதிருத்தலும் வேண்டும்.

உயிர்விலை

அளவு, சுமை, அமுக்கம் ஆகியன பிரிக்கவொண்ணாதவை என்பதைப் பேரிழப்பின் மூலம் உணர்த்தியது 2000ஆம் ஆண்டின் அமெரிக்க அனுபவம். போர்ட் எக்ஸ்புளோறர் வாகனங்களிற் பூட்டப்பட்ட பயர்ஸ்ரோன் ரயர்களின் மேற்பகுதி ஓட்டத்தின்போது பிரிந்து, வாகனங்கள் கவிழ்ந்தன. ஐக்கிய அமெரிக்காவில் மாத்திரம் இவ்விபத்துகளோடு தொடர்புடைய மரணங்கள் 250க்கும் மேற்பட்டன. 2000 ஓகஸ்ற்றில் பாவனையிலிருந்த ஏறத்தாழ 65 இலட்சம் ரயர்களை மீளப்பெறுவதாகக் கம்பனி அறிவித்தது. போர்ட் கம்பனி அவ்வளவு ரயருக்கு 26 இறாத்தல் அமுக்கத்தை விதந்துரைத்திருந்தது. ரயர்க் கம்பனியோ பின்னர் 30 இறாத்தல் வேண்டுமென்றது. அமுக்கங் குறையின் ரயர் கூடுதலாக வளையும், வளைவு வெப்பமாகும், வெப்பம் கம்பிப் பட்டிகளின் பிணைப்பைத் தளர்த்தும். தவறு ரயரின் ஆக்கத்திலா வாகனத்தின் அமைப்பிலா என இரு கம்பனிகளும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. அவ்வாண்டிலேயே ரயர்ப் பாதுகாப்புக்கெனப் புதுச்சட்டம் இயற்றப்பட்டது. புதிய கார்களில் ரயர் அமுக்கத்தைக் கண்காணிக்கும் கருவி கட்டாயமானமைக்கு அதுவே அடிப்படையாகும்.

இங்கு நிகழ்ந்தது சொந்தக்காரர் செய்த அளவு மாற்றமன்று; ஆக்குநரே தெரிந்த அளவும் அமுக்கமுமாகும். ஆகவே ஆக்குநர் குறித்தது என்பதனாலேயே ஓர் அளவு ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. அதேவேளை, வேறோர் அளவைத் தெரிபவர் ஆக்குநர் செய்த கணக்குகள் அனைத்தையும் தாமே மீளச் செய்யும் பொறுப்பையும் ஏற்கின்றார்.

சுருங்கக்கூறின், ‘ரீ’ காரின் சொந்தக்காரர் செய்த எளிய கழித்தற்கணக்கு இன்று விட்டம், விளிம்பின் அகலம், சுமை, வேகம், அமுக்கம் என ஐந்து கூறுகளாக விரிந்துள்ளது. இவற்றுள் ஒவ்வொன்றும் ஏதோவொரு காலத்தின் தோல்வியிலிருந்து கற்கப்பட்டது. தெரிவுக்கான உரிமை பாவனையாளருக்கு இன்றும் உண்டு. ஆயின் அவ்வுரிமையின் எல்லைகள் கம்பனிகளின் விருப்பால் மாத்திரம் வரையப்பட்டவையல்ல. வீதிகளில் உயிரிழந்தோரின் அனுபவமும் அவற்றுள் எழுதப்பட்டுள்ளது.