போட்டிக்காரன் குடோன்: ஜாவி விழுந்த கதை



லண்டன்ல பிக்காடில்லி சர்க்கஸ்னு ஒரு இடம். சினிமாவுல பாத்திருப்பீங்க, கட்டிடம் முழுக்க விளம்பரத் திரை மின்னிக்கிட்டே இருக்கும். அங்க ஒண்ணாம் நம்பர் கட்டிடத்துல 1986-ல டவர் ரெக்கார்ட்ஸ் கடை திறந்தது. 2003-ல போர்டு மாறி விர்ஜின் மெகாஸ்டோர் ஆச்சு. 2007-ல மறுபடியும் மாறி ஜாவி. 2009 தொடக்கத்துல அதுவும் இல்லை.

இந்த மாதிரி கடைகள் ஏன் செத்துச்சுன்னு யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "இன்டர்நெட் வந்துச்சு, சிடி போச்சு." நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். ஆனா ஜாவி திவால் நடவடிக்கைக்குப் போன தேதியைப் பாத்ததும் ஒரு சந்தேகம் வந்தது. 2008 டிசம்பர் 24. சிடி, டிவிடி, கேம் விக்கிற கடைக்கு வருஷத்துலயே நல்ல வியாபாரம் நடக்குற வாரம் அது. மெல்ல மெல்ல நோய் தின்ன ஒரு கடை, கல்லா நிறையுற வாரத்துலயா விழும்? வேற ஏதோ நடந்திருக்கணும். அதைத்தான் இன்னைக்குப் பாக்கப் போறோம்.

ஆறு பென்ஸ் கடை

கதை ஜாவியில தொடங்கல. வுல்வொர்த்ஸ்ல தொடங்குது.

1909 நவம்பர் 5 அன்று, லிவர்பூல் சர்ச் ஸ்ட்ரீட்டில், அமெரிக்காவின் வுல்வொர்த் நிறுவனம் பிரிட்டனில் தன் முதல் கடையைத் திறந்தது. பொருளோட விலை மூணு பென்ஸ், இல்லன்னா ஆறு பென்ஸ். நம்ம ஊர் 'எது எடுத்தாலும் பத்து ரூபாய்' கடைக்குத் தாத்தான்னு வச்சுக்கலாம். அடுத்த நூறு வருஷத்துல பிரிட்டன்ல கடைத்தெரு இருந்தா அங்க ஒரு வுல்வொர்த்ஸ் இருக்கும்ங்கிற அளவுக்கு வளர்ந்தது. நோட்டுப் புத்தகம், பாத்திரம், பொம்மை, நாமே அள்ளி எடை போட்டு வாங்குற மிட்டாய், கூடவே பாட்டு. பல பிரிட்டிஷ்காரங்க சின்ன வயசுல பாக்கெட் மணியில வாங்கின முதல் இசைத்தட்டு அங்க வாங்கினதுதான்.

ஆனா நம்ம கதைக்கு முக்கியம் கடை இல்லை. கடைக்குப் பின்னாடி இருந்த குடோன். வுல்வொர்த்ஸ் குழுமத்துக்குச் சொந்தமா என்டர்டெயின்மென்ட் யுகேன்னு ஒரு மொத்த விற்பனை நிறுவனம் இருந்தது. சுருக்கமா ஈயுகே. சிடி, டிவிடி, வீடியோ கேம் எல்லாத்தையும் தயாரிப்பு நிறுவனங்ககிட்ட மொத்தமா வாங்கி, கடைகளுக்கு அனுப்புறது இவங்க வேலை. வுல்வொர்த்ஸுக்கு மட்டும் இல்லை. டெஸ்கோ, செயின்ஸ்பரீஸ் மாதிரி சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் இவங்க சரக்கு அனுப்பினாங்க. ஜாவிக்கும் முக்கிய சப்ளையர் இவங்கதான்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. காய்கறி வாங்கப் போன இடத்துலயே சிடியும் மலிவா கிடைக்குதுன்னு மக்கள் வுல்வொர்த்ஸ் பக்கம் வர்றதைக் குறைச்சாங்க. அந்த மலிவு சிடியில ஒரு பங்கு வுல்வொர்த்ஸோட சொந்தக் குடோன்ல இருந்து போனது. இன்னொரு பக்கம், ஜாவி தன்னோட போட்டிக்காரன் குடோனை நம்பி கடை நடத்தினது.

நோய் இருந்தது உண்மை

இன்டர்நெட் காரணமே இல்லைன்னு நான் சொல்ல வரல. ஆன்லைன் கடைகளுக்குக் கூடுதலா ஒரு வரி ஓட்டையும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியில இருந்து 18 பவுண்டுக்குள்ள விலை இருக்குற பொருள் பிரிட்டனுக்கு வந்தா அப்போ மதிப்புக் கூட்டு வரி கிடையாது. வரி விஷயத்துல ஜெர்சி, குர்ன்சி தீவுகள் அந்த 'வெளியில' கணக்கு. ஒரு சிடி எவ்வளவு? 18 பவுண்டுக்குள்ளதான். ப்ளே டாட் காம் மாதிரி நிறுவனங்கள் ஜெர்சியில இருந்து பார்சல் அனுப்பினா வரி இல்லை. அதே சிடியைத் தெருமுனைக் கடையில வாங்கினா வரி உண்டு. அந்தத் தீவுகளுக்கு இந்தச் சலுகையை அரசு நிறுத்தினது 2012 ஏப்ரல் 1-ல. அதுக்குள்ள பல கடைகள் இல்லாமலே போயிடுச்சு.

வுல்வொர்த்ஸுக்கு இன்னொரு பாரமும் இருந்தது. 2001-ல தாய் நிறுவனமான கிங்ஃபிஷர் அதைத் தனியாப் பிரிச்சு விட்டது. அதுக்கு முன்னாடி 182 கடைகளோட சொந்தக் கட்டிடங்களை 614 மில்லியன் பவுண்டுக்கு வித்துட்டு, அதே கட்டிடங்கள்ல வாடகைக்கு உட்கார வச்சாங்க. வித்த காசு போயிடுச்சு, வாடகை நின்னது. அதுவும் வருஷம் ஏற ஏற ஏறுற வாடகை.

கடன் அன்பை முறிக்கும்

நம்ம ஊர் மளிகைக் கடையில இந்த போர்டைப் பாத்திருப்பீங்க. சில்லறை வியாபாரத்துக்கு அது சரி. மொத்த வியாபாரத்துல அப்படியே தலைகீழ். அங்க கடன்தான் உறவு.

சப்ளையர் இன்னைக்குச் சரக்கு அனுப்புவார். கடைக்காரர் ஒரு மாசமோ ரெண்டு மாசமோ கழிச்சுக் காசு தருவார். நடுவுல கடை திவாலானா? அதுக்காகத்தான் சப்ளையர் ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்து வைப்பார். 2008-ல உலக நிதி நெருக்கடி. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வுல்வொர்த்ஸுக்கான காப்பீட்டைக் குறைக்கவும், விலக்கவும் தொடங்கின. உடனே சப்ளையர்கள், "காசு கொடுத்துட்டு சரக்கை எடு"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. கிறிஸ்துமஸ் சரக்கை வாங்கிக் குவிக்க வேண்டிய மாசங்கள் அவை. கையில இருந்த ரொக்கம் வத்திடுச்சு.

அப்போ கடன் 385 மில்லியன் பவுண்டு. நவம்பர் 26 அன்று பங்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. வுல்வொர்த்ஸ் கடைகளும் ஈயுகேயும் சேர்ந்தே திவால் நிர்வாகிகள் கைக்குப் போயின. மொத்தம் 807 கடைகள். 2009 ஜனவரி 6-ல கடைசிக் கடைக்கும் ஷட்டர் இறங்கியது. நூறாவது பிறந்தநாளுக்குப் பத்து மாசம் பாக்கி.

இப்போ ஜாவிக்கு வருவோம். 2007 செப்டம்பர்ல விர்ஜின் மெகாஸ்டோர்ஸை அதோட நிர்வாகிகளே வாங்கி, பெயரை மாத்தி நடத்திக்கிட்டிருந்தாங்க. பிரிட்டன், அயர்லாந்து ரெண்டும் சேர்த்து 125 கடைகள். ஈயுகே விழுந்ததும் சரக்கு வர்ற வழி அடைபட்டது. தயாரிப்பு நிறுவனங்ககிட்ட நேரடியா வாங்கலாம்னு போனாங்க. கட்டுப்படியாகிற விதிமுறைகள் கிடைக்கல. ஒரு மாசம் தாக்குப் பிடிச்சு, டிசம்பர் 24-ல கையைத் தூக்கினாங்க. வாங்குறதுக்கு ஆள் இருந்த நேரத்துலயே ஜாவி விழுந்தது.

எனக்கு இது ரொம்பப் பழக்கமான விபத்து. ஒரு தீபாவளி சேல் ராத்திரி நாங்க கட்டின ஆப் படுத்துடுச்சு. எங்க கோடுல ஒரு பிழையும் இல்லை. லாகின் ஓடிபி அனுப்புற வேலையை வெளியில ஒரு சர்வீஸ்கிட்ட விட்டிருந்தோம், அது படுத்துடுச்சு. கடை திறந்திருக்கு, ஆள் வாசல்ல நிக்கிறாங்க, உள்ள விட முடியல. மாற்று வழி ஏன் வைக்கலைன்னு மறுநாள் மீட்டிங்ல கேட்டாங்க. நல்லா ஓடிக்கிட்டிருந்த ஒண்ணைப் பத்தி யாருமே கேள்வி கேக்கல, அதுதான் பதில்.

அப்போ எச்எம்வி எப்படித் தப்பிச்சது?

லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட் 363-ல 1921-ல தொடங்கின கடை எச்எம்வி. வுல்வொர்த்ஸும் ஜாவியும் போனதுல அதுக்குக் கொஞ்சம் லாபம்கூட. ஜாவியோட சில கடைகளை அதுவே எடுத்துக்கிட்டது. ஆனா 2013 ஜனவரியில அதுவும் விழுந்தது. மறுநாளே வீடியோ வாடகைக் கடையான பிளாக்பஸ்டரோட பிரிட்டன் கிளையும் விழுந்தது. அந்த வருஷக் கடைசியில பிளாக்பஸ்டர் கடைகள் அங்க ஒண்ணுகூட இல்லை. எச்எம்வி மட்டும் பிழைச்சது.

2008-ஐ விட 2013-ல இன்டர்நெட் இன்னும் பலமா இருந்தது இல்லையா? ஆனா இந்தத் தடவை இசை நிறுவனங்களும் சினிமா ஸ்டுடியோக்களும் வேற முடிவு எடுத்தாங்க. கடைத்தெருவுல நம்ம சரக்குக்குன்னு ஒரே ஒரு பெரிய சங்கிலிதான் மிச்சம், அதுவும் போனா சூப்பர் மார்க்கெட்டும் அமேசானும் சொன்னதுதான் விலைன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருந்தது. கடனுக்குச் சரக்கு கொடுக்க முன்வந்தாங்க. ஹில்கோ நிறுவனம் வாங்கி 141 கடைகளைக் காப்பாத்துச்சு. 2018 டிசம்பர்ல மறுபடி விழுந்து, கனடாவைச் சேர்ந்த டக் புட்மன் வாங்கினார். 2023 நவம்பர்ல அதே 363-ம் நம்பருக்கு எச்எம்வி திரும்பி வந்தது.

அதனால நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான்: தொழில்நுட்பம் ஒரு கடையைப் பலவீனப்படுத்தும். அது என்னைக்கு சாகும், சாகுமா சாகாதாங்கிறதை, அதுக்குக் கடன் கொடுக்குறவங்க முடிவு பண்றாங்க.

பத்தொன்பது பேர்

கடைசியா, என்னால மறக்க முடியாத ஒரு விஷயம். வுல்வொர்த்ஸ்ல வேலை போனவங்க கிட்டத்தட்ட 27,000 பேர். ஒரு 'நிறுவன இடத்தில்' 20 பேர் அல்லது அதுக்கு மேல ஆட்குறைப்பு செஞ்சா, முன்கூட்டியே தொழிலாளர்களோட கலந்து பேசணும்ங்கிறது அங்க சட்டம். பேசல. தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. 2012-ல சுமார் 24,000 பேருக்கு 60 நாள் சம்பளம் வரைக்கும் இழப்பீடு கிடைச்சது. ஆனா 20 பேருக்குக் குறைவா வேலை பாத்த சின்னக் கடைகள்ல இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு ஒரு காசு இல்லை. ஒவ்வொரு கடையும் தனி 'இடமா', இல்ல மொத்த நிறுவனமும் ஒரே 'இடமா'? இந்த ஒரு சொல்லுக்காக வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2015 ஏப்ரல் 30-ல தீர்ப்பு வந்தது: ஒவ்வொரு கடையும் தனி.

நாங்க கோடுல தினமும் எழுதுற கண்டிஷன்தான் இது. எண்ணிக்கை இருபதுக்குக் கீழ்னா, வேற பக்கம் போ. ஒரே கம்பெனி, ஒரே யூனிஃபார்ம், ஒரே வாரத்துல ஷட்டர் இறங்குது. பெரிய ஊர்க் கடையில மிட்டாய் அள்ளிக் கொடுத்தவருக்கு எட்டு வாரச் சம்பளம். சின்ன ஊர்ல, பத்தொன்பது பேர்ல ஒருத்தரா நின்னு அதே மிட்டாயை அள்ளிக் கொடுத்தவருக்கு ஒண்ணும் இல்லை.

அடுத்த தடவை "டெக்னாலஜி வந்துச்சு, கடை போச்சு"ன்னு யாராவது ஒரே வரியில முடிச்சா, அந்தப் பத்தொன்பது பேர்கிட்ட யார் முடிவு எடுத்தாங்கன்னு கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.