பாசாயின் மீசான் கற்கள்

இந்தோனேசியத் தீவுகளில் இஸ்லாம் பரவிய வரலாற்றை ஆராயப் புகுவோர் நூல்களோடு அடக்கத்தலங்களையும் நாடிச் செல்கின்றனர். அங்குள்ள மீசான் கற்களில் பொறித்த அரபு எழுத்துக்களே அவ்வரலாற்றின் பழஞ்சான்றுகளாம்.

கப்றின் மீது எழுதுவதைத் தடுக்கும் நபிமொழி திர்மிதீயில் உண்டு. அடையாளத்திற்காகப் பெயர் எழுதுவதைப் பிற்காலச் சட்ட அறிஞர் சிலர் அனுமதித்துள்ளனர். அவ்விவாதத்துள் நாம் இங்கே புகவில்லை. முன்னோர் எழுதிச் சென்றவை எதைக் கூறுகின்றன என்பதே நம் நோக்கம்.

சுமத்திராவின் வடகரையில், இன்றைய அச்சே மாநிலத்தில், சமுத்திரா பாசாய் என்னும் துறைமுக அரசு விளங்கிற்று. அதன் முதல் முஸ்லிம் மன்னரெனக் கருதப்படும் சுல்தான் மலிக்குஸ் ஸாலிஹ் ஹிஜ்ரீ 696-இல் (கி.பி. 1297) வஃபாத்தானார்கள் என்கிறது அன்னாரின் மீசான் கல். ஆயின் கல்லின் வடிவை நோக்கிய அறிஞர் சிலர், அது நெடுங்காலம் கழித்து நடப்பட்டதென்பர். கல்லிலுள்ள ஆண்டு மரணத்தின் ஆண்டு; கல் செதுக்கிய ஆண்டும் அதுவே எனக் கொள்ளலாகாது.

அம்மரபில் வந்த அரசி நஹ்ரஸிய்யா ஹிஜ்ரீ 831-இல் (1428) மறைந்தார்கள். யாஸீன் சூறாவும் ஆயத்துல் குர்ஸீயும் பொறித்த அவர்களுடைய சலவைக்கல் அடக்கம், தந்தை, பாட்டன், பூட்டன் என ஏறி மலிக்குஸ் ஸாலிஹ் வரை வம்சத்தை உரைக்கிறது. ஒரு பெண் அரியணையில் இருந்தார் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டுமோ?

அச்சலவைக்கல் சுமத்திராவில் செதுக்கப்பட்டதன்று. பாசாயிலும், ஜாவாவின் கிரெசிக் நகரில் ஹிஜ்ரீ 822-இல் (1419) மறைந்த மலிக் இப்ராஹீமின் அடக்கத்திலும் உள்ள கற்களை, குஜராத்தின் கம்பாயத்து நகரிலுள்ள கற்களோடு டச்சு ஆய்வாளர் மொக்கெத் 1912-இல் ஒப்பிட்டார். அவை கம்பாயத்துத் தச்சரின் கைவேலையே எனக் காட்டினார். மீசான் கல்லும் வணிகச் சரக்காய்க் கடல் கடந்ததென்பது இதனால் விளங்கும்.

பாசாயின் மற்றொரு கல் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஹிஜ்ரீ 823-இல் (1420) மறைந்த ஒருவரின் அக்கல்லில் பாரசீகக் கவி ஸஅதீயின் பாக்கள் உள்ளன. அடங்கியவர் பெயர் நைனா ஹுஸாமுத்தீன். தந்தையார் நைனா அமீன். ‘நைனா’ என்பது நம் கரையோர ஊர்களில் இன்றும் வழங்கும் பெயரன்றோ! பெயர் ஒன்றைக் கொண்டே ஊரை முடிவு செய்தலாகாது. எனினும், இவர் தென்னிந்தியத் தொடர்புடையவர் என்று கருத அப்பெயர் இடந்தருகிறது.

அரசருக்கு வரலாறு எழுத அவைப்புலவர் இருந்தனர். ஹுஸாமுத்தீன் போன்றோருக்கோ கல் ஒன்றே வரலாறு. அது உடைந்தால் அவர்களும் மறைவர்.

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் ஊர்ப் பழம்பள்ளிகளின் அருகிலும் அரபு எழுத்துள்ள மீசான் கற்கள் நிற்கின்றன. சுண்ணாம்பு பூசுமுன்னும், இடம் பெயர்க்குமுன்னும் அவற்றைப் படியெடுத்து, படித்துப் பொருளறிந்து, ஜமாஅத்துப் பதிவேட்டில் எழுதிவைத்தல் நம் கடன். அரபு ஓதத் தெரிந்த இளைஞர் இருவர் ஒருநாள் முயன்றால் ஓர் ஊரின் பல கற்களைப் படியெடுக்கலாம்.